தற்காலிகக் குரல்

“சார், அந்தக் குட்டையம்மா குரல் யாரோடது?”

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ என்ற அமெரிக்க அனிமேஷன் படத்தின் ஒரு காட்சியை ஆங்கிலத்திலேயே போட்டுக் காட்டியிருந்தேன். அதில் எட்னா மோட் என்றொரு பெண் வருகிறார். இடுப்பு உயரம், வட்டக் கண்ணாடி, காதோடு வெட்டிய முடி. சாகச வீரர்களுக்கு உடை தைத்துக் கொடுப்பவர். தோளில் பறக்கும் அங்கி வேண்டும் என்று கதாநாயகன் கேட்கிறான். கூடவே கூடாது என்கிறார் எட்னா. அப்படி அங்கி போட்டவர்களில் யார் யார் எதில் சிக்கிச் செத்தார்கள் என்று ஒவ்வொருவராக அடுக்குகிறார். ஆங்கிலம் பாதிகூடப் புரியாத பிள்ளைகளும் அந்த இடத்தில் சிரித்துவிட்டார்கள்.

“அது ஒரு ஆணோட குரல். படத்தை எழுதி இயக்கினவரே பேசினது” என்றேன். வகுப்பு நம்பவில்லை. இன்னொரு முறை போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

அவர் பெயர் பிராட் பேர்ட். 1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பிறந்தவர். ‘தி அயன் ஜயண்ட்’ (1999), ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ (2004), ‘ரட்டட்டூயி’ (2007), ‘இன்கிரெடிபிள்ஸ் 2’ (2018) ஆகிய அனிமேஷன் படங்களை இயக்கியவர். இரண்டாவதும் மூன்றாவதும் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றவை. இயக்குநர் ஒருவர் ஏன் ஒரு பெண் பாத்திரத்துக்குத் தானே குரல் கொடுக்கவேண்டும்? அந்த மாணவியின் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் பதிலுக்குள் போகப் போக, வகுப்பறையில் நாம் தினமும் செய்கிற, செய்யத் தவறுகிற ஒரு காரியம் தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டப்பிங் என்றால் நம் எல்லோருக்கும் தெரியும். முதலில் படம் எடுப்பார்கள். பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் திரையைப் பார்த்து, வாயசைவுக்கு ஏற்பப் பேசுவார்கள். அமெரிக்க அனிமேஷனில் இது தலைகீழ். அங்கே முதலில் பதிவாவது குரல். அந்தக் குரலைக் கேட்டுக்கேட்டுத்தான் பாத்திரத்தை அசைக்கிறார்கள். பேசுபவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லில் அழுத்துகிறார், எங்கே தயங்குகிறார் என்பதைப் பொறுத்தே பாத்திரத்தின் புருவம் ஏறும், தோள் இறங்கும்.

திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கையால் வரைந்த காலத்தில் அதற்கென்று நீளமான ஓர் அட்டவணைத் தாள் வைத்திருந்தார்கள். எக்ஸ்போஷர் ஷீட் என்று பெயர். ஒரு படத்துக்கு ஒரு வரி. பதிவான பேச்சை ஒலி ஒலியாகப் பிரித்து, எந்தப் படத்தில் எந்த ஒலி வருகிறது என்று அதில் குறித்துக்கொள்வார்கள். ஓவியர் அதைப் பார்த்து வாயை வரைவார். ப, ம என்றால் இதழ்கள் மூடியிருக்க வேண்டும். உ, ஒ என்றால் குவிய வேண்டும். தமிழாசிரியர்கள் இதைப் படித்ததும் தொல்காப்பியத்தின் பிறப்பியலை நினைத்துக்கொள்வார்கள். அங்கே எழுத்துகளின் பிறப்பிடம் என்று நாம் நடத்துவதுதான் இங்கே தொழில் கருவியாக இருக்கிறது. பிறப்பியலை இனிமேல் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியோடு நடத்திப் பாருங்கள். பிள்ளைகள் தம் வாயைத் தாமே பார்த்து வரைவார்கள். நான் செய்திருக்கிறேன், இரண்டு பாடவேளை போதும்.

குரல் முதலில் என்றேன். அதற்கும் முன்னால் ஒரு கட்டம் உண்டு. கதையைக் காட்சி காட்சியாகக் கோட்டோவியங்களாக வரைந்து, வரிசையாக ஓடவிட்டு, ‘ஸ்டோரி ரீல்’ என்று ஒரு மாதிரிப் படம் செய்வார்கள். அதைப் போட்டுப் பார்த்து, சரியில்லாததைக் கிழித்துவிட்டு மறுபடி வரைவார்கள். ஒரு படத்துக்கு இது பல முறை நடக்கும். அந்த மாதிரிப் படத்திலும் பாத்திரங்கள் பேசவேண்டுமே? ஒவ்வொரு முறையும் புகழ்பெற்ற நடிகரைக் கூப்பிட முடியாது. அதனால் அலுவலகத்தில் இருக்கிற ஓவியர், கதை எழுதுபவர், இயக்குநர் என்று கைக்கு அகப்பட்டவர்கள் பேசிவைப்பார்கள். ‘ஸ்கிராட்ச்’ குரல் என்று பெயர். நம் திரையிசையில் ‘டிராக் பாடுவது’ என்பார்களே, அதே போல. பின்னால் அழித்துவிடுவதற்காகவே பதிவு செய்கிற குரல்.

எட்னாவின் குரல் அப்படி வந்ததுதான். எட்னா எப்படிப் பேசுவார் என்பது எழுதிய பேர்டுக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் புரியவைக்கத் தானே பேசிக் காட்டினார். லிலி டாம்லின் என்ற புகழ்பெற்ற நகைச்சுவை நடிகையை இதற்காக அணுகியதாகவும், பேர்டு பேசியதைக் கேட்டுவிட்டு இதற்கு நான் எதற்கு என்று அவர் விலகிக்கொண்டதாகவும் சொல்வார்கள். எப்படியோ, அழிப்பதற்காகப் பேசிய குரல் அழியாமல் நின்றுவிட்டது. 14 ஆண்டுகள் கழித்து வந்த இரண்டாம் பாகத்திலும் எட்னா பேர்டின் குரலில்தான் பேசுகிறார்.

இது அவர் ஒருவரோடு நிற்கவில்லை. ‘ஃபைண்டிங் நீமோ’ (2003) படத்தில் கடலாமை க்ரஷ்ஷுக்குக் குரல் கொடுத்தவர் அதன் இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டன். ‘லிலோ அண்ட் ஸ்டிட்ச்’ (2002) படத்தின் நீல நிறக் குறும்புப் பிராணி, அதன் இயக்குநர்களில் ஒருவரான கிறிஸ் சாண்டர்ஸ். ‘அப்’ (2009) படத்தில் மனிதருடைய பேச்சைப் பேசும் நாய் டக், இணை இயக்குநர் பாப் பீட்டர்சன். ‘ரட்டட்டூயி’யில் சமையலறைப் பையன் லிங்குயினியாகப் பேசிய லூ ரோமானோ, பேர்டிடம் வேலை பார்த்த வடிவமைப்பாளர். அதே படத்தில் எலியின் அண்ணனாகப் பேசிய பீட்டர் சோன் ஓர் ஓவியர். பின்னாளில் ‘எலிமென்டல்’ (2023) படத்தை இயக்கினார். இவர்களுக்கெல்லாம் மூத்தவர் வால்ட் டிஸ்னி. 1928இல் பிறந்த மிக்கி மவுஸுக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவரே குரலாக இருந்தார்.

நமக்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை. தோற்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரே கலைஞர் இராமனுக்கும் சீதைக்கும் பேசுவார். உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் அவரே. பாவையை ஆட்டுகிற கையும் பேசுகிற வாயும் ஒருவருடையவை.

பேர்டு குரல் தேடும் முறையும் தனி. ‘இன்கிரெடிபிள்ஸ்’ படத்தில் கூச்ச சுபாவமுள்ள மூத்த மகள் வயலெட்டாகப் பேசிய சாரா வொவெல் நடிகை அல்லர், எழுத்தாளர். வானொலியில் அவர் பேசியதைக் கேட்டு பேர்டு தேர்ந்தெடுத்தார். ஓட்டக்காரச் சிறுவன் டேஷுக்குக் குரல் கொடுத்தது ஸ்பென்சர் ஃபாக்ஸ் என்ற சிறுவன். மூச்சிரைக்கும் காட்சிக்கு நடிக்கச் சொல்லவில்லை. ஸ்டுடியோவைச் சுற்றி ஓடவிட்டு, மூச்சிரைக்க வந்து நின்றபோது பதிவு செய்தார்கள். பெயர் பெற்ற குரலா என்பதைவிட, இந்தப் பாத்திரத்தின் குரல்தானா என்பதே அவருக்குக் கேள்வி.

இப்படிக் கேட்கும் காது அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் திட்டமாகத் தெரியாது. ஆனால் அவருடைய சிறுவயதில், ஒருவர் அவருடைய முதிராத வேலையைப் பொருட்படுத்திப் பார்த்தார் என்பது தெரியும்.

11 வயதில் டிஸ்னி ஸ்டுடியோவைச் சுற்றிப்பார்த்துவிட்டு வந்த பேர்டு, வீட்டிலேயே ஒரு அனிமேஷன் படம் செய்யத் தொடங்கினார். நமக்கெல்லாம் தெரிந்த முயல், ஆமை கதைதான். சுமார் 15 நிமிடப் படம். முடிக்க ஏறக்குறைய 3 ஆண்டுகள் பிடித்தன. உழைப்பு எவ்வளவு என்பதற்கு வகுப்பில் ஒரு கணக்குப் போட்டோம். நொடிக்கு 24 என்றால் நிமிடத்துக்கு 1,440. ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு முறை படம்பிடித்துப் பாதியாகக் குறைத்தாலும் நிமிடத்துக்கு 720 வரைய வேண்டும். இதைக் கேட்டு ஒரு பையன், “சார், அவங்க வீட்ல திட்டலையா?” என்றான்.

படம் டிஸ்னி நிறுவனத்துக்குப் போனது. அங்கே ‘ஒன்பது முதியவர்கள்’ என்று அழைக்கப்பட்ட தலைமை ஓவியர்களில் ஒருவர் மில்ட் கால். தொழிலில் அவருக்கு மேல் ஆளில்லை என்று கருதப்பட்டவர். அவர் இந்தப் பள்ளிச் சிறுவனுக்கு வழிகாட்டியாக இருந்தார். ஊருக்குள் பயிற்சிப் பள்ளியோ பாடத்திட்டமோ இல்லாத ஒரு கலையில், பதின்வயதுப் பையனுக்கு அதன் ஆகச் சிறந்த கலைஞர் ஆசிரியராகக் கிடைத்தார்.

இதைப் படித்த அன்று எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் நினைவுக்கு வந்தது. முன்பு நான் வேலை பார்த்த பள்ளியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், நோட்டின் வலது மூலையில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு சேவலை வரைந்திருந்தான். பக்கங்களைக் கட்டைவிரலால் சரசரவென்று விட்டால் சேவல் குப்பையைக் கிளறும், தலையைத் தூக்கிப் பார்க்கும், மறுபடி கிளறும். அந்தத் தலை தூக்கலில் ஒரு கணம் நிறுத்தம் இருந்தது. கோழி வளர்த்தவர்களுக்குத் தெரியும், சேவல் அப்படித்தான் பார்க்கும். பாடவேளையில் இதென்ன வேலை என்று கேட்டு நோட்டை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன். தேர்வு முடிந்ததும் திருப்பித் தருவதாகச் சொன்னேன். தரவில்லை. அவனும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அலமாரி சுத்தம் செய்தபோது நோட்டும் பழைய தாள்களோடு போயிருக்க வேண்டும். நான் அன்று பார்த்தது ஒரு ஒழுங்குப் பிரச்சினையை மட்டும்தான். அந்த நிறுத்தத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

பேர்டுக்கும் அதன் பின் எல்லாம் நேர்ப்பாதையாக இருக்கவில்லை. சில ஆண்டுகள் அனிமேஷனை விட்டிருந்தார். பிறகு டிஸ்னியின் உதவித்தொகையில் கலிபோர்னியாவில் உள்ள கால்ஆர்ட்ஸ் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். ஜான் லாசெட்டர், டிம் பர்ட்டன் போன்றவர்கள் அங்கே அவர் காலத்து மாணவர்கள். அவர்கள் படித்த வகுப்பறையின் எண் ஏ113. பழைய மாணவர்கள் தாங்கள் எடுக்கும் படங்களில் அந்த எண்ணைக் கார் எண் பலகை, கதவு என்று எங்காவது ஒளித்துவைப்பது இன்றும் ஒரு வழக்கம். ‘டாய் ஸ்டோரி’யில் சிறுவனின் அம்மா ஓட்டும் காரின் எண்ணைப் பாருங்கள். ஒரு வகுப்பறைக்கு இதைவிடப் பெரிய கல்வெட்டு வேண்டுமா!

படிப்பு முடித்து டிஸ்னியில் வேலைக்குச் சேர்ந்தார். பெரியவர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டிருந்த காலம். தரம் குறைகிறது என்று நிர்வாகத்திடம் வாய்விட்டுச் சொன்னார். வேலை போயிற்று. பிறகு தொலைக்காட்சி. ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் முதல் எட்டுப் பருவங்களில் ஆலோசகராக இருந்தார். முழுநீளப் படம் இயக்கும் வாய்ப்பு வந்தபோது வயது நாற்பதைத் தொட்டிருந்தது.

அந்த முதல் படம் ‘தி அயன் ஜயண்ட்’. ஆங்கிலக் கவிஞர் டெட் ஹியூஸ் 1968இல் வெளியிட்ட சிறார் கதையைத் தழுவியது. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பேர்டின் சகோதரி ஒருவர் துப்பாக்கிக்குப் பலியாகியிருந்தார். ஒரு துப்பாக்கிக்கு ஆன்மா இருந்து, துப்பாக்கியாக இருக்க அதற்கே விருப்பம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியாகத்தான் இந்தக் கதையைத் தயாரிப்பாளர்கள் முன் வைத்தார். வானிலிருந்து விழுந்த ராட்சத இயந்திரம் ஒரு சிறுவனோடு பழகுகிறது. தான் போர்க்கருவியாகச் செய்யப்பட்டது என்று தெரிந்தபின், அப்படி இருக்கப்போவதில்லை என்று அதுவே முடிவெடுக்கிறது. படம் அவர் சகோதரிக்குக் காணிக்கையாக்கப்பட்டது. திரையரங்கில் ஓடவில்லை, போட்ட பணத்தைக்கூட எடுக்கவில்லை. பிற்பாடு வீட்டுத் திரைகளில் பார்த்துப் பார்த்துத்தான் மக்கள் அதைத் தூக்கிப் பிடித்தார்கள். ஆறு முதல் ஒன்பது வரையுள்ள வகுப்புகளுக்கு ஒரே ஒரு படம் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். இறுதியில் கொஞ்சம் அழுவார்கள், பரவாயில்லை.

இந்தப் படத்தில் ஒரு சிறு விஷயம். இரண்டு வயதான ரயில் ஓட்டுநர்கள் வருவார்கள். உருவமும் குரலும் ஃபிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் என்ற இருவருடையவை. ‘ஒன்பது முதியவர்’களைச் சேர்ந்தவர்கள். ‘இன்கிரெடிபிள்ஸ்’ முடிவிலும் சண்டை ஓய்ந்த தெருவில் இரண்டு கிழவர்கள் நின்று, அந்தக் காலத்து முறையே முறை என்பது போலப் பேசிக்கொள்வார்கள். அதுவும் அவர்களே. படம் 2004 நவம்பரில் வெளியானது. தாமஸ் அதே ஆண்டு செப்டம்பரில் காலமாகிவிட்டார். பேர்டுக்குக் கற்றுக்கொடுத்த மில்ட் கால் 1987லேயே மறைந்துவிட்டார். அவருடைய கூட்டாளிகள் இருவரின் குரலாவது மாணவரின் படத்தில் இருக்கிறது.

எங்கள் பள்ளிக்கு வருகிறேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, நாமும் ஒன்று செய்யலாம் சார் என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். கதை அவர்களுடையது. மைதானத்துக் குடிநீர்க் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். அது வேப்பமரத்திடம் தன் கஷ்டத்தைச் சொல்கிறது. கைபேசியில் ஒவ்வொரு படமாக எடுத்துக் கோக்கும் இலவசச் செயலி இருக்கிறது. நொடிக்கு 24 எங்களால் முடியாது, 6 என்று வைத்துக்கொண்டோம். 40 நொடிக்கு 240 படங்கள். எட்டுப் பேர், ஆளுக்கு 30.

பாடம் படித்தபடி முதலில் குரல். குழாயாக ஒரு பையன் பேசுவதாக ஏற்பாடு. ஒன்றியப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன். அன்று அவன் வரவில்லை. தற்காலிகமாக யாராவது படியுங்கள் என்றேன். முதல் நாள் கேள்வி கேட்டாளே, அந்த மாணவி வந்தாள். அவள் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விழும். நாளைக்கு அழித்துவிடப் போகிறோம் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வரைகிறவர்கள் அந்தப் பதிவை வைத்து நொடி எண்ணி வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

மூன்று வாரம் ஆயிற்று. படம் முடிந்தபின் பேச்சுப் போட்டிப் பையன் நல்ல உச்சரிப்போடு பேசிப் பதிவு செய்தான். 22 நொடியில் முடிந்துவிட்டது. படமோ 40 நொடி. குழாய் பேசி முடித்த பிறகும் அதன் வாய் அசைந்துகொண்டிருந்தது. பழைய குரலைப் போட்டுப் பார்த்தபோதுதான் வரைந்தவர்கள் செய்திருந்த காரியம் எனக்குத் தெரிந்தது. அவள் நிறுத்திய ஒவ்வொரு இடைவெளியிலும் குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. ஒரு சொல், ஒரு சொட்டு. மறுபடி ஒரு சொல்.

அவள் எழுந்து, “வேணும்னா நான் படிச்சுப் பழகிட்டு வேகமா ஒரு தடவை பேசுறேன் சார்” என்றாள்.

“ஐயோ வேணாம், சொட்டெல்லாம் போயிடும்” என்றான் பேச்சுப் போட்டிப் பையன்.